பதினொன்றே முக்கால்

என் அக்காள் புருஷன் தெட்சிணாமூர்த்தி காரைக்காலில் கணக்கு வாத்தியார். மீசை முளைத்த நாளிலிருந்து சாக்பீஸ் பிடித்தவர். அவரிடம் படித்த பையன்கள் ஓவர்சீயராகவும் கணக்கப்பிள்ளையாகவும் போய்விட்டார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் பள்ளிக்கூடப் பையன்களோடு வரிசையில் உட்கார வைத்து, பத்துமா படிப்பு என்று பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடவையோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கூடப் போய் வாசலில் காத்துக் கிடந்தவன் நான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால் கொஞ்சம் முன்னே பின்னே பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மருதையன். காரைக்காலில் பஸ் கம்பெனியில் குமாஸ்தா, அக்காள் வீட்டோடு இருப்பவன். பிறந்தது, படித்தது எல்லாம் நாகப்பட்டினத்தில், மதராஸ் சர்க்கார் பாடத்தில். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குக்கு நான் வாங்கியது முப்பத்தாறு. முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். அந்த மிச்ச ஒரு மார்க்கை எங்கள் அப்பா சாகும்வரை குலதெய்வத்தின் கணக்கில்தான் எழுதிவந்தார். ஆக, படிப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்யதை என்று கேட்டால், என் கையில் அந்தச் சர்டிபிகேட் இருக்கிறது, அத்தான் கையில் இல்லை. அவ்வளவுதான் யோக்யதை.

நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒரு நாகூர், ஒரு வாஞ்சூர் சாவடி. பஸ் ஏறினால் வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் வந்துவிடும். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் சாவடிக்கு இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் படிப்பு, அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் படிப்பு. நாங்கள் முதல் பாரத்தில் ஏறி ஆறாம் பாரத்தில் முடிப்போம். அவர்கள் ஆறாவதில் தொடங்கி ஐந்து, நாலு, மூன்று என்று கிணற்றுப் படியில் இறங்குவதுபோல் ஒன்றுக்கு இறங்கிப் போவார்கள். எங்களுக்கு மார்க் நூற்றுக்கு. அவர்களுக்கு இருபதுக்கு. அந்த இருபதிலும் பதினாலு வாங்கிவிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். அதற்கு மேல் பிரெஞ்சு வாத்தியார் தன் சொந்தப் பிள்ளைக்கும் போடமாட்டார்.

பெண் பார்க்க வந்த அன்று எங்கள் அப்பா, "மாப்பிள்ளை கணக்குல எத்தனை வாங்குனீங்க?" என்று கேட்டார். அத்தான் அடக்கமாக, "பதினாலுங்க" என்றார். அப்பாவின் முகம் தொங்கிப்போய்விட்டது. என்னை அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு போய், "ஏன்டா, நீயே முப்பத்தாறு வாங்கியிருக்கியேடா. இவரை நம்பிப் பொண்ணைக் குடுக்கலாமா?" என்றார். பிறகு தரகர் வந்து விளக்கம் சொல்லித்தான் பங்கஜவல்லி அக்காளுக்குத் தாலி ஏறியது. வருஷக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தோம். பின்னால் சிரிப்பு வரவில்லை.

அத்தான் படித்தது பிரவே என்ற படிப்பு. நம் எஸ்.எஸ்.எல்.சி. மாதிரி ஒரு நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முடித்த கையோடு காரைக்காலில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் அவரை முசே, அதாவது ஐயா, என்று கூப்பிடுவார்கள். கோவில்பத்து வீட்டிலிருந்து காலையில் சைக்கிளில் கிளம்பினால் வழியெல்லாம் "போஞ்சூர் முசே" என்று பிரெஞ்சில் வணக்கம் வரும், இவரும் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போவார். அதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்பது பின்னால் உட்கார்ந்துபோன எனக்குத் தெரியும். வேறு சந்தோஷம் அவருக்குக் கிடையாது. சீட்டு ஆடமாட்டார், நாடகம் பார்க்கமாட்டார். வயல் வேலை தெரியாது, வியாபாரம் தெரியாது. வகுப்பறை ஒன்றுதான் தெரியும்.

ஐம்பத்து நாலு நவம்பரில் காரைக்காலில் கொடி மாறியது. எல்லோருக்கும் கொண்டாட்டம். அத்தானே பள்ளிக்கூட வாசலில் ஏணி போட்டு ஏறித் தோரணம் கட்டினார். அடுத்த வருஷம் நிர்வாகி அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"முசே, இனிமே நம்ம பள்ளிக்கூடத்துல மதராஸ் பாடம்தான். உங்க பிரவே அதுக்குச் சமமா இல்லையான்னு யாரைக் கேட்டாலும் தெரியலைங்கிறாங்க. வேற எடத்துல எப்புடியோ, நம்ம நிர்வாகத்துல ஒரு முடிவு பண்ணியிருக்கோம். ஐம்பத்தேழு ஜூனுக்குள்ள நீங்க எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிடுங்க. வேலைக்கு ஒரு குறையும் வராது."

"அந்தப் பரீட்சைக்குத்தாங்க நான் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தரப்போறேன். நானே எப்புடிங்க போய் எழுதுறது?"

"சொல்லித் தர்றவருக்கு எழுதுறது என்ன பெரிய காரியமா?" என்று நிர்வாகி சிரித்தாராம். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

காரைக்காலில் எழுதினால் தன் மாணவர்களோடு உட்கார வேண்டும் என்று, அத்தான் நாகப்பட்டினத்தில் தனித்தேர்வராகப் பணம் கட்டினார். ஐம்பத்தாறு மார்ச். அகப்பட்டவனுக்கு அஷ்டமத்தில் சனி என்பார்கள். பரீட்சை அறைக்குள் காலை வைத்ததும் ஒரு பையன் விறைப்பாக எழுந்து நின்று, "போஞ்சூர் முசே" என்றானாம். காரைக்காலில் இவரிடம் படித்துவிட்டு, சித்தப்பா வீட்டோடு நாகப்பட்டினம் வந்து சேர்ந்தவன். இவர்தான் மேற்பார்வைக்கு வந்திருக்கிற வாத்தியார் என்று நினைத்து அறை முழுக்க எழுந்து நின்றுவிட்டது. அத்தான் தன் நம்பர் ஒட்டிய இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் பையன்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்களாம். இதை அவர் என்னிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்து.

அந்தத் தடவை இங்கிலீஷில் பதினொன்று. எதிர்பார்த்ததுதான். ஏ, பி, சி தெரியுமே தவிர மனுஷனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கணக்கில் இருபத்தெட்டு. அதுதான் எங்களுக்குப் புரியவில்லை. உட்கார்ந்து யோசித்தோம். எல்லாம் இந்த கஜம், பர்லாங், பவுண்டு, அவுன்சு பண்ணுகிற வேலை என்று முடிவுக்கு வந்தோம். அவர் படித்ததும் சொல்லித் தந்ததும் மீட்டர், லிட்டர். மதராஸ் பேப்பரில் ஒரு வயலுக்கு வேலி போட வேண்டும் என்றால் கஜக்கணக்கில் கேட்பான். அங்கேதான் இடறியிருக்கிறது என்றோம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மறுவருஷம் முழுக்க எங்கள் வீடு ஒரு பள்ளிக்கூடம். இங்கிலீஷுக்கு நான் வாத்தியார். குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதைதான், ஆனாலும் காட்டினேன். அக்காள் மாவு அரைத்துக்கொண்டே, "ஒரு மைலுக்கு எத்தனை பர்லாங்?" என்பாள். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டே, "எட்டு" என்பார். "ஒரு பர்லாங்குக்கு எத்தனை கஜம்?" "எரநூத்தி இருவது." அக்காளுக்கு விடை சரியா தப்பா என்று தெரியாது. அவர் தயங்காமல் சொன்னால் சரி என்று தலையை ஆட்டுவாள். கணக்குப் போடுவதை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கணக்கு வாத்தியாரின் கணக்கை யார் பார்ப்பார்கள்?

ஐம்பத்தேழு மார்ச்சில் கணக்குப் பரீட்சை முடிந்து வந்தவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பஸ்ஸில் ஒவ்வொரு கணக்காகச் சொல்லிக்கொண்டே வந்தார். "தொண்ணூறுக்குக் கொறையாது மருதை. ஒரு கஜம்கூட என்னை ஏமாத்த முடியல." நாகூரில் பஸ் நின்றபோது இறங்கி ஓடி, மகள் திரிபுரசுந்தரிக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தார்.

மார்க் வந்தது. இங்கிலீஷில் முப்பத்தாறு. சத்தியமாக முப்பத்தாறு. என் கணக்கு மார்க்கை அத்தான் இங்கிலீஷில் வாங்கிவிட்டார். கணக்கில் இருபத்து நாலு.

போன தடவையைவிடக் குறைவு. நன்றாகப் போடப் போட மார்க் இறங்குகிற அதிசயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுகூட்டலுக்குப் பணம் கட்டினோம். கூட்டல் சரி என்று பதில் வந்தது. தெருவில் ஒருத்தி, "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்று எங்கள் காதில் விழும்படி சொன்னாள். அக்காள் அவள் வீட்டு வாசலுக்கே போய் நின்று கொடுத்துவிட்டு வந்தாள். அதை இங்கே எழுத முடியாது.

நிர்வாகி இன்னும் ஒரு வருஷம் தவணை கொடுத்தார். ஆனால் வகுப்பு சும்மா கிடக்குமா? கும்பகோணத்திலிருந்து நீலமேகம் என்று ஒரு பி.ஏ. பையனைத் தற்காலிகமாகப் போட்டார்கள். மார்ச்சில் அத்தான் பாஸ் செய்தால் அவர் இடம் அவருக்கு. இல்லையென்றால் நீலமேகத்துக்கு அது நிரந்தரம். அதுவரை அத்தான் வீட்டில் இருக்க வேண்டியது.

வீட்டில் எப்படி இருப்பார்? சைகோனில் துணிக்கடை வைத்திருந்து திரும்பி வந்த மீரா சாகிப்பின் கடையில் பிரெஞ்சுக் கடிதம் எழுதப் போனார். ஒருநாள் நான்தான் வாய் பொறுக்காமல், "ஏன் பாய், இவர் பிரவேயை வச்சு பிரான்சுலயே ஒரு வாத்தியார் வேலை கெடைக்காதா?" என்று கேட்டேன்.

மீரா சாகிப் பரிதாபமாகப் பார்த்தார். "அங்கன இப்ப பிரவேக்கு மவுசு இல்ல தம்பி. வாத்தியார் வேலைக்கு அதுக்கு மேல ரெண்டு மூணு வருசப் படிப்பு கேக்குறாங்களாம். நம்ம மருமவன் போய்ப் பாத்துட்டு எழுதியிருக்கான். அல்லா காப்பாத்தணும், வாத்தியாருக்கு ரெண்டு கரையும் தூரமாப் போச்சு."

அத்தான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அதே வருஷம்தான் நயா பைசா வந்தது. இனி நாடு முழுக்க மீட்டர், லிட்டர், கிலோ வரப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். அடப் பாவிகளா என்று நான் கத்தினேன். இந்த மனுஷன் ஆயுசு முழுக்கச் சொல்லித் தந்தது அதைத்தானே? ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, அவர் பாடத்தை மட்டும் வாருங்கள் என்று உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறீர்களே. அத்தான் பேப்பரை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டு, "ஒரு பர்லாங்குக்கு எரநூத்தி இருவது கஜம். மார்ச் வரைக்கும் அது போதும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீலமேகம் வீட்டுக்கு வந்தான். மரியாதைக்காரப் பையன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, "உங்க இடத்துல நிக்கிறது எனக்கே சங்கடமா இருக்கு சார்" என்றான். அக்காள் காப்பி கொடுத்தாள். பேச்சுவாக்கில் பரீட்சை வந்தது. அத்தானுக்கு ஆறாத புண். மகளின் சிலேட்டை வாங்கி, மார்ச் பேப்பரில் வந்த முதல் கணக்கை அப்படியே போட்டு, விடைக்குக் கீழே கோடு இழுத்து அவனிடம் நீட்டினார்.

"இதுல எங்க சார் தப்பு? நீங்க சொல்லுங்க."

நீலமேகம் சிலேட்டைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"விடை எவ்வளவு சார்?"

"பதினொண்ணே முக்கால்."

"பதினொண்ணே முக்கால் எங்க சார் இருக்கு?"

"இதோ, எழுதியிருக்கேனே."

நீலமேகம் தயங்கித் தயங்கி விரலை வைத்தான். "சார், தப்பா நெனைக்கக் கூடாது. எனக்கு இது எழுபத்தேழுன்னு தெரியுது. பக்கத்துல ஒரு கமா. அப்புறம் ஒரு எண்ணை எழுதி அடிச்சிருக்கீங்க. கடைசியில ஒரு அஞ்சு."

நாங்கள் எல்லோரும் சிலேட்டைச் சுற்றி நின்றோம். சொல்கிறேன், கேளுங்கள். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் ஒன்று எழுதினால் வெறும் கோடு போடமாட்டார்கள். கீழேயிருந்து சாய்வாக ஒரு நீளக் கோடு ஏற்றி, பிறகு நேராக இறக்குவார்கள். பழகாத கண்ணுக்கு அது அப்பட்டமான ஏழு. அந்தக் குழப்பம் வரக்கூடாது என்று ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். பழகாத கண்ணுக்கு அது அடித்துவிட்ட எண். தசம பின்னத்துக்கு நாம் புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் கமா வைப்பார்கள். நம் ஊரில் கமா ஆயிரத்துக்கு. ஆக, அத்தான் பதினொன்றே முக்காலைப் பதினொன்று, கமா, எழுபத்தைந்து என்று எழுதினால், மதராஸில் பேப்பர் திருத்துகிறவருக்கு அது ஏதோ கிறுக்கன் எழுதிய எழுபத்தேழு. உனக்குக்கூடவா தெரியவில்லை என்று கேட்பீர்கள். ஊர் முழுக்க அந்த ஒன்று. பஸ் டிக்கெட்டு, கடைச் சீட்டு, மொய் நோட்டு எல்லாவற்றிலும் பார்த்துப் பார்த்து எனக்கு அது ஒன்றாகவே ஆகிவிட்டது.

"பசங்களும் இப்படித்தான் சார் எழுதுறாங்க. வந்ததுலேருந்து அதைத்தான் மாத்திக்கிட்டிருக்கேன்" என்றான் நீலமேகம். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. பாதிக் காப்பியோடு எழுந்துவிட்டான்.

அத்தான் சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ எனக்குக் கணக்குத் தெரியாம இல்ல" என்றார். பிறகு அதையே அக்காளிடமும் ஒரு தடவை சொன்னார். நோய் இன்னது என்று தெரிந்துவிட்டது, இனி மருந்து சுலபம் என்று எனக்கும் தெம்பாக இருந்தது. ஒரு கோடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கோடு. அதுகூடவா வராது?

வரவில்லை. அதுதான் கொடுமை. திரிபுரசுந்தரி ஒரே வாரத்தில் மாற்றிக்கொண்டாள். அத்தானுக்கு, மெதுவாக எழுதினால் நேர்க்கோடு வரும். கணக்கில் மனசு போனதும் கை பழைய ஒன்றுக்குத் திரும்பிவிடும். ஒன்றைக் கவனித்தால் கணக்கு நின்றுபோகும், கணக்கைக் கவனித்தால் ஒன்று சாய்ந்துபோகும். கடையில் பொட்டலம் கட்டுகிற தாளில் எல்லாம் கோடு கோடாகப் போட்டுப் பழகினார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, இது மறுபடியும் ஏழு" என்பாள். ஒருநாள் அவளை ஓங்கி அறைந்துவிட்டார். வகுப்பில் ஒரு பிள்ளையைத் தொடாதவர். அறைந்துவிட்டு அவரே கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதார். அக்காள் என்னைப் பார்த்து, "பேசாம விட்டுடச் சொல்லுடா மருதை. கஞ்சி குடிச்சாலும் பரவால்ல" என்றாள். விட்டுவிட்டு அவர் எங்கே போவார்? நான் சொல்லவில்லை.

ஐம்பத்தெட்டு மார்ச். அதே நாகப்பட்டினம், அதே வாசல். மணி அடித்துப் பையன்களெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அத்தான் கடைசியாக வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விரலெல்லாம் மசி.

"எப்புடிங்க அத்தான்?"

"எல்லா ஒண்ணையும் நேராப் போட்டுட்டேன் மருதை. ஒண்ணுகூடச் சாயல. கமாவும் கெடையாது, புள்ளிதான். பக்கம் பக்கமாத் திரும்பிப் பாத்துட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"கணக்கு?"

"மூணுல ஒரு பங்குகூட முடியல. மணி அடிச்சுட்டாங்க."

பஸ்ஸில் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதினது அத்தனையும் சரியாக இருந்தாலும் முப்பத்தைந்து வராது. அந்தக் கணக்கு எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா? நாகூர் வந்தது, வாஞ்சூர் வந்தது.

அக்காள் வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னங்க, ஒண்ணெல்லாம் சரியா வந்துச்சா?"

"எல்லாம் நேரா வந்துச்சு பங்கஜம்."

"ஒண்ணுகூடச் சாயலையே?"

"ஒண்ணுகூட இல்ல."

அக்காள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒன்று நேராக வந்தால் வேலை திரும்பி வந்துவிடும். "அப்போ ஜூன்ல பள்ளிக்கூடம் தெறந்ததும் போயிடலாம், இல்லையா?" என்று கேட்டாள்.

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. "போயிடலாம்" என்று சொல்லிவிட்டு, மசிக்கையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.